ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது? கேட்பவரைப் பொறுத்தது

கொழும்பில் ஆங்கிலம் பற்றிப் பேச்சு எழுந்தால் "அக்சன்ட் சரியில்லை" என்ற தீர்ப்பு வெகு சீக்கிரம் வந்துவிடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகளை எலக்கியூஷன் பரீட்சைக்கு அனுப்புவது பல வீடுகளில் தாய் தகப்பன் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். ஐயெல்ட்ஸ் எழுதப் போகும் பொடியனுக்கும், இரவு வேலையில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும் பெண்பிள்ளைக்கும் ஒரே புத்திமதிதான் கிடைக்கிறது: "சொல்லில் அழுத்தத்தைப் பிழையான இடத்தில் போடுகிறீர்கள்."

அந்தப் புத்திமதி சில நேரம் சரி. பல நேரம் அது வேறு எதையோ குறிக்கிறது. என்ன அது என்று சொல்பவரால் பிரித்துக் காட்ட முடிவதில்லை. கேட்ட பிள்ளையோ குழம்பிப்போய், எல்லாச் சொல்லையும் உரக்கச் சொல்லிப் பார்க்கிறது. அல்லது வாயைத் திறக்கவே தயங்குகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதை மொழியியல் படிக்காத எவருக்கும் ஒரு அரை மணி நேரத்தில் விளங்கப்படுத்தலாம்.

இந்தக் கட்டுரை சொல்லப்போவது இதுதான். அழுத்தம் என்பது பேசுபவரின் வாயிலேயே முடிந்துபோகும் ஒன்றல்ல. காதில் விழும் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து, "இந்த இடம்தான்" என்று கேட்பவர் எடுக்கும் ஒரு முடிவு அது. எந்த அடையாளத்தை அதிகம் நம்புவது என்பதை அவர் வளர்ந்த ஊரின் ஆங்கிலம் பழக்கிவைத்திருக்கும். அதனால் ஒரே ஆள் ஒரே சொல்லைச் சொன்னாலும், இலண்டன்காரர் ஒரு இடத்திலும் சிங்கப்பூர்க்காரர் இன்னொரு இடத்திலும் அழுத்தத்தைக் கேட்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்: அசை, அழுத்தம்

ஒரு உயிரொலியை நடுவில் வைத்து ஒரே தட்டில் சொல்லக்கூடிய துண்டுதான் அசை. 'பம்பலப்பிட்டி' என்பதைக் கை தட்டிக்கொண்டு சொன்னால் ஐந்து தட்டு வரும்: பம், ப, லப், பிட், டி. ஐந்து அசை. (யாப்பிலக்கணம் படித்தவர்கள் கவனிக்க: அங்கே 'மலை' முழுவதும் ஒரு நிரையசை. இங்கே நாம் எண்ணும் முறையில் அது இரண்டு அசை.)

ஆங்கிலச் சொல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட அசை இருந்தால், அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட எடுப்பாக நிற்கும். அந்த எடுப்புத்தான் அழுத்தம். அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். அதே கோட்டை நானும் பயன்படுத்துகிறேன். படம் எடுத்தால் அது 'ˈஃபோட்டகிராஃப்'. படம் எடுக்கும் கலை 'ஃபˈடொகிரஃபி'. அதுபற்றிய எதுவும் 'ஃபோட்டˈகிராஃபிக்'. ஒரே குடும்பத்துச் சொற்கள், ஆனால் அழுத்தம் ஒவ்வொன்றிலும் வேறு அசைக்கு நகர்கிறது. அழுத்தம் நகரும்போது உயிரொலிகளும் மாறுவதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

சில இடங்களில் அழுத்தம் பொருளையே மாற்றும். 'ˈபேர்மிட்' என்றால் கையில் வைத்திருக்கும் அனுமதிப் பத்திரம். 'பர்ˈமிட்' என்றால் அனுமதி கொடுப்பது. கொழும்பில் இரண்டுக்கும் பெரும்பாலும் 'பேர்மிட்' என்றே சொல்கிறோம். வசனத்தைக் கேட்டால் எது என்று தெரிந்துவிடுவதால் யாருக்கும் இடைஞ்சல் வருவதில்லை.

தூரத்தில் வருபவர் யார்?

மாலை மங்கும் நேரத்தில் காலி வீதியில் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒருவர் வருகிறார். அவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? உயரம் ஒரு அடையாளம். நடை ஒரு அடையாளம். உடுப்பு, தலைமுடி, கையில் பிடித்திருக்கும் பை எல்லாமே அடையாளங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நம்புவார்கள். அவருடைய அம்மா நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் முகம் தெரியும்வரை காத்திருப்பார். அலுவலகத்தில் மட்டும் பழகியவர் சேர்ட்டையும் ஐடி கார்ட்டையும் தேடுவார். அன்றைக்கு அவர் சாரம் கட்டிக்கொண்டு வந்தால், அம்மா தடுமாறமாட்டார். அலுவலக நண்பர் தடுமாறிப்போவார்.

அழுத்தத்தைக் கேட்பதும் இந்த மாதிரித்தான். பல அடையாளங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. எல்லாம் ஒரே அசையைக் காட்டினால் எல்லோருக்கும் ஒரே முடிவு. ஒன்று இங்கேயும் மற்றது அங்கேயும் காட்டினால், யார் எதை நம்பப் பழகியவர் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

அந்த அடையாளங்கள் எவை?

நான்கு. குரல் எவ்வளவு உயர்கிறது அல்லது தாழ்கிறது என்பது ஒன்று. இதைச் சுருதி என்று வைத்துக்கொள்வோம். அசை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது இரண்டாவது. சத்தம் எவ்வளவு பலமாக வருகிறது என்பது மூன்றாவது. உயிரொலி முழுமையாக ஒலிக்கிறதா, மங்கிப்போகிறதா என்பது நான்காவது.

அழுத்தம் என்றால் பலமாகச் சொல்வது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வகுப்புகளிலும் மேசையில் தட்டிக்காட்டி அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இந்த நான்கில் சத்தம் அவ்வளவு வலுவான அடையாளம் இல்லை. இலண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் இருந்த டெனிஸ் ஃப்ரை 1955இலும் 1958இலும் வெளியிட்ட பரிசோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. செயற்கைக் குரலில் 'பேர்மிட்' போன்ற இரட்டைச் சொற்களை உருவாக்கி, ஒரு தடவை நீளத்தை மட்டும், இன்னொரு தடவை சத்தத்தை மட்டும், பிறகு சுருதியை மட்டும் மாற்றி மாற்றி ஆட்களுக்குப் போட்டுக்காட்டினார். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்டார். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதைவிட, நீளத்தை மாற்றியபோது கேட்பவர்களின் முடிவு அதிகம் மாறியது. சுருதியில் ஏற்பட்ட சிறு மாற்றமும் முடிவைப் புரட்டிப்போட்டது.

நான்காவது அடையாளம்தான் நமக்குப் புதிது. அதனால் அதில் கொஞ்சம் தங்குவோம்.

ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசையின் உயிரொலி பல சமயம் தன் நிறத்தை இழந்து, வாய் நடுவில் சோம்பலாக எழும் ஒரு குறுகிய 'அ' போல ஆகிவிடும். இதற்கு 'ஷ்வா' என்று பெயர். 'டொக்டர்' என்பதன் கடைசி உயிர், 'பனானா' என்பதன் முதலும் கடைசியும், 'கொம்பியூட்டர்' என்பதன் முதலும் கடைசியும் பிரித்தானியரின் வாயில் ஷ்வாதான். எழுத்தில் அங்கே எந்த உயிர் இருந்தாலும் ஒலியில் எல்லாம் ஒன்றாக மங்கிப்போகும்.

தமிழ் படித்தவருக்கு இது முழுக்க அந்நியமான விஷயமும் இல்லை. 'பத்து', 'காற்று' என்ற சொற்களின் கடைசி உகரத்தைச் சொல்லிப் பாருங்கள். 'உலகம்' என்பதில் வரும் உகரம் போல இதழ் குவிகிறதா? குவியாது. குற்றியலுகரம் என்று அதற்குப் பெயர் வைத்து, ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிறது என்று நம் இலக்கணம் எப்போதோ கணக்குப் போட்டுவிட்டது. நீளமும் குறைகிறது, ஒலியும் மங்குகிறது. ஆங்கிலத்தில் இந்தக் குறுக்கம் சொல்லின் எந்த இடத்திலும், எந்த உயிருக்கும் நடக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: அழுத்தத்தைக் காட்டச் சுருதி, நீளம், சத்தம், உயிரொலியின் முழுமை என்று நான்கு அடையாளங்கள் உண்டு. சத்தத்தை மட்டும் கூட்டினால் அழுத்தம் வந்துவிடாது.

இங்கிலாந்துக் காது எதை நம்புகிறது?

ஆன் கட்லர் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், 2022இல் காலமாகும்வரை, மனிதர் பேச்சை எப்படிக் கேட்டு விளங்கிக்கொள்கிறார்கள் என்பதையே ஆராய்ந்தவர். அவருடைய வேலைகளிலிருந்து வெளிவந்த ஒரு விஷயம் முதலில் கேட்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், சொல்லை அடையாளம் காணும்போது சுருதியையும் நீளத்தையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. உயிரொலி முழுமையா, மங்கலா என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏன்? ஆங்கிலத்தில் அழுத்தம் மட்டும் வேறுபட்டு உயிரொலிகள் அப்படியே இருக்கும் இரட்டைச் சொற்கள் மிகக் குறைவு. 'ˈடிரஸ்டி' (நம்பகமானது) என்பதும் 'டிரஸ்ˈடீ' (பொறுப்பாளர்) என்பதும் அந்த மாதிரி ஒரு சோடி. மற்ற இடங்களில் பெரும்பாலும் அழுத்தம் நகர்ந்தால் உயிரும் மாறிவிடும்; மேலே ஃபோட்டோகிராஃப் குடும்பத்தில் பார்த்ததுபோல. உயிரை வைத்தே சொல்லைப் பிடிக்க முடியும் என்றால், மற்ற அடையாளங்களைத் தேடி ஏன் களைக்க வேண்டும்?

இதற்கு ஒரு அழகான சான்று 2002இல் வந்தது. கூப்பர், கட்லர், வேல்ஸ் என்ற மூவர், ஆங்கிலச் சொற்களின் முதல் துண்டை மட்டும் ஒலிக்கவிட்டு, அது எந்தச் சொல்லின் தொடக்கம் என்று கேட்டார்கள். 'ˈமியூசிக்' என்பதன் முதல் அசையும் 'மியூˈசியம்' என்பதன் முதல் அசையும் உயிரொலியில் ஒன்றே. சுருதியிலும் நீளத்திலும்தான் வித்தியாசம். இதைச் சரியாகப் பிரித்துச் சொல்வதில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை டச்சு மொழிக்காரர்கள் முந்திவிட்டார்கள். ஏனென்றால், அழுத்தம் இல்லாத உயிர்கள் டச்சு மொழியில் ஆங்கிலத்தைவிட அதிகம் முழுமையாகவே நிற்கும். அதனால் அவர்களுடைய காது சுருதியையும் நீளத்தையும் கவனிக்கப் பழகியிருந்தது. பிறகு கற்ற மொழியில், அந்த மொழிக்காரரையே முந்த அந்தப் பழக்கம் உதவியது.

இன்னொரு விஷயமும் இதோடு வருகிறது. பேச்சில் சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. எங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்று கேட்பவர் ஊகிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பொருள் சுமக்கும் சொற்களில் மிகப் பெரும்பாலானவை முழு உயிர் உள்ள அசையில் தொடங்குபவை. அதனால் முழு உயிர் கேட்டவுடனே "இங்கே ஒரு புதுச் சொல் தொடங்குகிறது" என்று ஆங்கிலக் காது ஊகித்துவிடும். கட்லரும் டெனிஸ் நோரிஸும் 1988இல் முன்வைத்த கருத்து இது. சரியாகக் கேட்காத அளவுக்கு மெல்லிய குரலில் 'கன்ˈடக்ட் அˈசென்ட்ஸ் அப்ˈஹில்' என்று போட்டுக்காட்டியபோது, ஒருவர் 'த ˈடொக்டர் ˈசென்ட்ஸ் ஹர் ˈபில்' என்று கேட்டாராம். டொக்டர் பில் அனுப்புகிறார்! எங்கெல்லாம் முழு உயிர் கேட்டதோ அங்கெல்லாம் அவருடைய காது ஒரு சொல்லைத் தொடக்கிவிட்டது.

இப்போது கொழும்புக்கு வாருங்கள். நாம் 'கொம்-பியூ-ட்டர்' என்று மூன்று அசையையும் முழுமையாகச் சொல்கிறோம். நம் காதுக்கு அது தெளிவான, மரியாதையான உச்சரிப்பு. இங்கிலாந்துக் காதுக்கோ முதல் அசையிலேயே ஒரு எடுப்பு கேட்டுவிடுகிறது. "அழுத்தம் பிழை" என்று அவர் சொல்வது அதைத்தான். நீங்கள் நடு அசையில் சரியாகவே சுருதியை உயர்த்தியிருக்கலாம். அவர் காது முதலில் தேடியது மங்கலை. அது கிடைக்கவில்லை.

நம் காது

தமிழில் அழுத்தத்தை மட்டும் மாற்றி இரண்டு சொற்களைப் பிரிக்க முடியாது. நீளத்தை மாற்றிப் பிரிக்கலாம்: கல், கால், படம், பாடம். சிங்களத்திலும் அழுத்தம் சொற்களைப் பிரிப்பதில்லை. அங்கேயும் குறில் நெடில்தான் வேலை செய்கிறது. எனவே கொழும்பில் இரண்டு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, நீளம் என்பது அந்த எழுத்தின் சொந்தக் குணம். அசையின் எடுப்பைக் காட்ட நீளத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் பழக்கவில்லை.

பொலிஸ் என்ற சொல்லையே எடுங்கள். ஆங்கிலத்தில் அது 'பˈலீஸ்'. முதல் உயிர் மங்கல், இரண்டாவது நீளம். நாம் இலங்கையில் எழுதுவதும் சொல்வதும் 'பொலிஸ்': முதல் உயிருக்கு முழு 'ஒ', இரண்டாவதற்குக் குறில். நீளமும் முழுமையும் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆங்கிலக் காது அதை 'ˈபொலிஸ்' என்று கேட்பதில் வியப்பில்லை. தமிழ் எழுத்தில் ஷ்வாவுக்கு எழுத்தே இல்லை. ஆகவே ஒவ்வொரு கடன் சொல்லும் நம்மிடம் வரும்போது, மங்கிக் கிடந்த உயிர்கள் எல்லாம் முழு உயிராகி எழுந்து நிற்கின்றன.

சுருதியும் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் குரல் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தில் தாழ்வாக இருந்து முடிவை நோக்கி ஏறும். "நாளைக்கு, வீட்டுக்கு, வாறன்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றில் அந்த ஏற்றம் கேட்கும். இதை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால், உயர்ந்த சுருதி சொல்லின் வாலில் போய் நிற்கும். சுருதி உயர்வை அழுத்தம் என்று எடுத்துக்கொள்பவர், வாலில்தான் அழுத்தம் என்று தீர்மானிப்பார்.

இது தமிழின் குறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரெஞ்சுக்காரரைப் பாருங்கள். பிரெஞ்சிலும் அழுத்தம் சொற்களைப் பிரிப்பதில்லை. இமானுவேல் துப்பூவும் அவருடைய குழுவினரும் 1997இல் செய்த ஆய்வில், அழுத்தம் மட்டும் வேறுபடும், பொருளில்லாத பொய்ச் சொற்களைப் பிரித்தறிய பிரெஞ்சுக்காரர் மிகவும் திணறினார்கள். ஸ்பானிய மொழிக்காரருக்கு அது இலகுவாக இருந்தது. ஸ்பானிய மொழியில் 'ˈபாபா' என்றால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, 'பாˈபா' என்றால் அப்பா. பிரித்துக் கேட்காவிட்டால் அவர்களுக்கு வீட்டில் கதை நடக்காது. தாய்மொழி எதைக் கவனிக்கச் சொல்கிறதோ அதைக் காது பழகிக்கொள்கிறது.

சிங்கப்பூர், இந்தியா, பெல்ஃபாஸ்ட்

சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் கடைசி அசையில் விழுகிறது என்று பிரித்தானியக் காதுகள் நெடுநாள் சொல்லிவந்தன. லோ ஈ லிங், எஸ்தர் கிராப் என்ற இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் அதை அளந்து பார்த்தார்கள். ஒரு சொல்லை வசனத்தின் நடுவிலும் வசனத்தின் முடிவிலும் வைத்துப் பேசவைத்து ஒப்பிட்டார்கள். நடுவில் இருக்கும்போது சிங்கப்பூர்க்காரருக்கும் பிரித்தானியருக்கும் இடையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. முடிவில் வரும்போதுதான், சிங்கப்பூர்க்காரர் கடைசி அசையை நன்றாக இழுத்தார்கள். வசனம் முடிகிறது என்பதற்கான இழுப்பு அது. பிரித்தானியக் காது அந்த நீளத்தைக் கேட்டு, அதைச் சொல்லின் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். "உங்கள் அழுத்தம் பிழை" என்ற தீர்ப்பில் பாதி, தீர்ப்புச் சொல்பவரின் காதிலிருந்து வந்திருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்திய ஆங்கிலத்தில் கதை வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாடம் நடத்திய இந்தியர்களின் பேச்சை லூசி பிக்கரிங்கும் கரோலின் வில்ட்ஷயரும் 2000இல் ஆராய்ந்தார்கள். அமெரிக்கர் சுருதியை உயர்த்தி எடுப்பாக்கும் அசைகளை, இந்தியர் பல சமயம் சுருதியைத் தாழ்த்தி எடுப்பாக்கினார்கள். இந்தியர் கேட்டால், அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அமெரிக்கர் கேட்டால், அழுத்தமே இல்லை, அல்லது அடுத்த அசையில் இருக்கிறது.

"அப்படியானால் தாய்மொழிக்காரர் எல்லோரும் சுருதியை உயர்த்தித்தானே அழுத்தம் காட்டுகிறார்கள்?" என்றால் அதுவும் இல்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலும் அழுத்தமான அசையில் குரல் தாழ்ந்து நின்று, அதன் பிறகு ஏறுவது வழமை. தென் இங்கிலாந்துக்காரருக்கு அது எல்லாமே கேள்வியாக முடிவதுபோலத் தோன்றும். ஆனால் பெல்ஃபாஸ்ட்காரரைப் பார்த்து அழுத்தம் பிழை என்று யாரும் சொல்வதில்லை. உயிரொலிகளை அவர் மற்றவர்களைப் போல மங்கவிடுவதால், சுருதி புரண்டு கிடந்தாலும் சொல் தெளிவாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சில சொற்களில் அழுத்தம் உண்மையிலேயே நாட்டுக்கு நாடு இடம் மாறியிருக்கிறது. வாகனம் விடும் கராஜ் பிரித்தானியருக்கு 'ˈகராஜ்', அமெரிக்கருக்கு 'கˈராஜ்'. பாலே நடனமும் அதே மாதிரி. ஆய்வுகூடம் பிரித்தானியருக்கு இரண்டாம் அசையிலும் அமெரிக்கருக்கு முதல் அசையிலும் எடுப்பாகும். விளம்பரத்தைக் குறிக்கும் 'அட்வடைஸ்மென்ட்' என்ற சொல்லில் பிரித்தானியர் இரண்டாம் அசையை எடுப்பாக்குவார், அமெரிக்கர் மூன்றாவதை. இதை மனப்பாடம் பண்ணலாம், பெரிய விஷயமில்லை.

சுருக்கமாக: ஒருவர் அழுத்தத்தை வேறு அசையில் போடலாம். அதே அசையில் போட்டு, வேறு அடையாளத்தால் காட்டலாம். அல்லது எடுப்பான அசையைச் சரியாகச் சொல்லிவிட்டு, மற்ற அசைகளை மங்கவிடாமல் இருக்கலாம். மூன்றையும் "அழுத்தம் பிழை" என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம்.

இதில் எதைத் திருத்த வேண்டும்?

எல்லாவற்றையும் திருத்தத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஜோன் ஃபீல்ட் 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். அழுத்தம் இருக்க வேண்டிய அசையிலிருந்து வலப்பக்கம், அதாவது சொல்லின் முடிவை நோக்கி நகர்ந்தால், கேட்பவருக்கு விளங்குவது அதிகம் பாதிக்கப்பட்டது. இடப்பக்கம் நகர்ந்தால் பாதிப்புக் குறைவு. தாய்மொழிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக இதே போக்குத்தான். கொழும்பில் அதிகம் கேட்பது 'ˈஹோட்டல்', 'ˈபொலிஸ்', 'ˈடெவலப்' போன்ற இடப்பக்க நகர்வுகள். இவை அந்நியமாக ஒலிக்கலாம், ஆனால் விளங்காமல் போவது குறைவு. ஒரு பிள்ளை 'ˈஹோட்டல்' என்று சொன்னதற்காகப் பத்துப் பேர் முன்னால் திருத்துவது தேவையற்றது. வாலில் சுருதியை ஏற்றி அழுத்தம் அங்கே இருப்பதுபோலக் காட்டும் பழக்கத்தில்தான் கவனம் வைக்க வேண்டும்.

யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லின் அழுத்தம் அவ்வளவு அவசியமில்லை, வசனத்தில் எந்தச் சொல்லை எடுப்பாக்குகிறோம் என்பதே முக்கியம் என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வாதிட்டார். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை. ஆனால் டுபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது ஆறுதல் தரும் கருத்து. அங்கே எதிரில் நிற்பவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே முழு உயிர்களோடு பேசுபவர்தான்.

பிரித்தானியர், அமெரிக்கர், அவுஸ்திரேலியரோடு போனில் பேசுவதே வேலை என்றால், ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: எடுப்பில்லாத அசையைக் குறுக்கிச் சொல்லுங்கள். எடுப்பான அசையைப் பலமாகச் சொல்ல முயல வேண்டாம். சற்று நீட்டினால் போதும். 'கொம்பியூட்டர்' என்பதன் முதல் அசையைப் 'பத்து' என்பதன் கடைசி உகரம் அளவுக்குச் சுருக்கிவிட்டு, நடுவை நீட்டிப் பாருங்கள்.

கேட்கும் பக்கம்

எல்லோரும் பேசுவதைத்தான் திருத்துகிறார்கள். ஐயெல்ட்ஸ் கேட்டல் பகுதியில் தடுக்கி விழும் பிள்ளைகளுக்குப் பிரச்சினை மறுபக்கத்தில் இருக்கிறது: மங்கிய உயிர்களுக்கு அவர்களுடைய காது பழகவில்லை.

'முடியும்', 'முடியாது' என்று சொல்லும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் நாம் முடியும் என்பதற்குக் 'கேன்' என்றும் முடியாது என்பதற்குக் 'கான்ட்' என்றும் சொல்கிறோம். உயிரே வேறு, குழப்பம் கிடையாது. அமெரிக்கர் சாதாரணமாக 'என்னால் போக முடியும்' என்று சொல்லும்போது அது 'ஐ கன் ˈகோ'. 'கன்' என்பதன் உயிர் மங்கி, கிட்டத்தட்ட மறைந்துவிடும். 'முடியாது' என்றால் 'ஐ ˈகேன்ட் ˈகோ', அதுவும் அந்த 'ட்' பல நேரம் தொண்டையில் நின்றுவிடும். நமக்குக் காதில் விழுவது 'கேன்'. நாம் அதை 'முடியும்' என்று எடுத்துக்கொண்டு, விஷயத்தைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறோம். அமெரிக்கரோடு பேசும்போது 'ட்' வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். உயிர் முழுமையாகக் கேட்டால், பெரும்பாலும் அது 'முடியாது'.

இலக்கங்களிலும் இதே வேலை. பதின்மூன்று 'தேர்ˈடீன்', முப்பது 'ˈதேர்ட்டி'. தனியாகச் சொன்னால் அழுத்தம் இரண்டையும் பிரித்துவிடும். ஆனால் பின்னால் இன்னொரு சொல் வந்தால், உதாரணமாகப் பதின்மூன்று வருடம் என்று சொன்னால், பதின்மூன்றின் அழுத்தமும் முதல் அசைக்கு நகர்ந்துவிடும். அப்போது கடைசி 'ன்' மட்டும்தான் துணை. போன் லைனில் அதுவும் கரைந்துபோகும். இலக்கத்தை 'ஒன் த்ரீ', 'த்ரீ ஸீரோ' என்று தனித்தனியாகச் சொல்லி உறுதிப்படுத்தும் கோல் சென்டர் பழக்கம் மிகவும் நல்ல பழக்கம்.

அமெரிக்கரிடம் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். முப்பதில் இரண்டாம் அசை எடுப்பில்லாதது என்பதால், அதன் தொடக்க மெய்யை அவர்கள் நாவால் இலேசாகத் தட்டிவிட்டுப் போவார்கள்; 'தேர்டி' என்று, நம் 'வண்டி'யின் டகரம்போல மெலிந்து கேட்கும். பதின்மூன்றில் அதே மெய் கூர்மையாக வெடித்து, பின்னால் மூச்சோடு வரும். அமெரிக்கர் சொல்லும் 'ன்' கேட்காவிட்டாலும், அந்த மெய் மெலிந்ததா வெடித்ததா என்று கவனித்தால், முப்பதா பதின்மூன்றா என்று பிடித்துவிடலாம்.